இரண்டு இகுவானா என்றால் இரண்டு வெயில்

வீட்டில் ஒரு பச்சை இகுவானாவை வளர்த்துக்கொண்டு, அதற்குத் துணையாக இன்னொன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்களுக்கு,

நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "புதுசை எப்படிப் பழக்குவது? எத்தனை நாளில் ஒன்றாக விடலாம்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் அக்கறை இருக்கிறது. நாள் முழுக்க நாம் வேலைக்குப் போய்விடுகிறோம், அது பாவம் தனியாகக் கிடக்கிறதே என்ற பரிவு இருக்கிறது. அந்தப் பரிவை மதித்தே இந்த மடலை எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த இகுவானாவுக்குத் துணை தேவையில்லை. அப்படியும் இரண்டாவது ஒன்று வீட்டுக்கு வரத்தான் போகிறது என்றால், அதற்கென்று தனிக் கூண்டு, தனி விளக்கு, தனித் தீனித்தட்டு மூன்றையும் முதலில் தயார் செய்யுங்கள். ஒன்றுக்கொன்று காட்டுவது, பழக்குவது எல்லாம் அதற்குப் பிறகு. பழக்கும் முயற்சி தோற்றாலும் இரண்டும் பதினைந்து, இருபது ஆண்டுகள் நிம்மதியாக வாழ வீட்டில் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் முயற்சியைத் தொடங்கவே வேண்டாம்.

துணை வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடையிலிருந்து. ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பத்துப் பதினைந்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாண் நீளக் குஞ்சுகள் அப்படிக் கிடக்கும்போது பாசமாகத்தான் தெரியும்.

குஞ்சுகளைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருக்கிறது. பனாமா கால்வாயை ஒட்டிய காட்டூன் ஏரியில் பாரோ கொலராடோ என்றொரு தீவு உண்டு. அதன் அருகிலுள்ள ஒரு சிறு திட்டில் பெண் இகுவானாக்கள் கூட்டமாக வந்து முட்டையிடும். அங்கே குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டு வெளிவருவதைக் கார்டன் பர்க்ஹார்ட், ஹாரி கிரீன், ஸ்டான்லி ராண்ட் ஆகியோர் பார்த்து 1977இல் எழுதினார்கள். குஞ்சுகள் குழுவாகத் தலைநீட்டுகின்றன. சுற்றும் முற்றும் பார்க்கின்றன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு குழுவாகவே இடம்பெயர்கின்றன. வெனிசுவேலாவில் ஹெசூஸ் ரிவாஸ் கண்டது இன்னும் வியப்பானது: பருந்து போன்ற ஆபத்து வரும்போது ஆண் குஞ்சுகள் தம் சகோதரிகளின் மேல் ஏறி மறைத்துக்கொள்கின்றன. இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் குஞ்சுகள் மூத்தவற்றின் எச்சத்தைத் தின்றே பெறுகின்றன என்று கேத்தரின் டிராயர் 1982இல் காட்டினார். ஆகவே இகுவானா உறவே அறியாத விலங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த உறவுக்கு ஒரு வயது இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பருவம் வந்துவிடும். அதன் பிறகு ஆணின் தலை பருக்கும், கன்னம் புடைக்கும், தொண்டைக்குக் கீழே தொங்கும் தோலான அலைதாடி இறங்கும், தொடையின் அடிப்பக்கத் துளைகளிலிருந்து மெழுகு போன்ற கசிவு வரும். அந்தக் கசிவைக் கிளைகளில் தேய்த்து அது தன் எல்லையைக் குறிக்கும். பனாமாவில் பெவர்லி டூகன் செய்த ஆய்வுகளில், பெரிய ஆண்கள் ஆளுக்கொரு மரப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டியதைக் காணலாம். காட்டில் இந்த மோதல்கள் பெரும்பாலும் கடியில் முடிவதில்லை. தலையை ஆட்டிக் காட்டியும், உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டியுமே தீர்ந்துவிடும். தோற்றது வேறு மரத்துக்குப் போய்விடும்.

நம் வீட்டுக் கூண்டில் வேறு மரம் கிடையாது. காட்டில் சில நிமிடங்களில் தீர்ந்துபோகிற சண்டை, கூண்டில் ஒவ்வொரு நாளும் தொடர்கிறது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். நான் இனிச் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ரத்தக் காயத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது சத்தமில்லாத கேட்டைத்தான். இகுவானா முழுக்க முழுக்க இலை தின்னி. தின்ற இலை அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதித்துத்தான் சத்தாகிறது. அதற்கு உடல் சூடு ஏற வேண்டும். ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வரை. அந்தச் சூடு அதன் உடலுக்குள் பிறப்பதில்லை, வெயிலிலிருந்தோ விளக்கிலிருந்தோ வருகிறது. இலையைத் தின்பது உலையில் அரிசி போடுவதைப் போலத்தான். அடுப்பு எரிந்தால்தான் சோறு. அதோடு, எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேர உதவும் புற ஊதாக் கதிரும் அந்த வெயில் காயும் இடத்தில்தான் கிடைக்கிறது.

ஒரே கூண்டில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு இகுவானாக்கள் இருந்தால் என்ன நடக்கும்? வலியது உயரமான கிளையில், விளக்குக்கு நேர்கீழே படுத்துக்கொள்ளும். மெலிந்தது கீழே, நிழலில் ஒதுங்கும். சண்டை இல்லை, சீறல் இல்லை, காயம் இல்லை. நாம் பார்த்துவிட்டு "நல்லாப் பழகிடுச்சு" என்போம். கீழே கிடப்பது தின்றாலும் செரிக்காது. மாதக்கணக்கில் நிறம் மங்கும், எடை குறையும், தாடை மென்மையாகும், எலும்பு வளையும். அதற்குள் மற்றது ஒன்றரை மடங்கு வளர்ந்திருக்கும். அப்போதுகூட "இது கொஞ்சம் சோனி" என்று அதன் பிறப்பின் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறோம்.

ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும் படங்களை ஆசையாக எடுத்து அனுப்புகிறீர்கள். வளர்ந்த இகுவானாக்கள் அப்படிக் கிடந்தால், மேலே இருப்பது வெயிலை எடுத்துக்கொள்கிறது, கீழே இருப்பது அதை இழக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். கண்ணை மூடிக்கொள்வது, உடலைத் தரையோடு ஒட்டிக் கிடப்பது, மற்றது இருக்கும் பக்கம் தீனித்தட்டுக்கே வராமல் இருப்பது ஆகியவை ஒடுங்கிப்போனதன் அடையாளங்கள். இவற்றை அமைதி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இனி, எந்த இரண்டைச் சேர்க்க நினைக்கிறீர்கள் என்று பாருங்கள்.

இரண்டு ஆண்கள் என்றால் முயலவே வேண்டாம். குஞ்சிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை என்பதும் காப்பாற்றாது. ஆண்டில் சில மாதங்கள் இனப்பெருக்கப் பருவம் வரும். பல ஆண்களின் உடலில் அப்போது ஆரஞ்சு நிறம் ஏறும். நேற்றுவரை சும்மா இருந்தது இன்று பாயும். இகுவானாவின் பற்கள் சிறியவை, ஆனால் ஓரங்கள் ரம்பம் போன்றவை. இலையை வெட்டுவதற்கென்றே அமைந்தவை. அவை தோலைக் கிழித்துவிடும். விரல் நுனியும் வாலும் போய்விடலாம். வால் மறுபடி முளைத்தாலும் பழைய வாலாக வராது.

ஆணும் பெண்ணும் என்றால் சிக்கல் வேறு. புணர்ச்சியின்போது ஆண் பெண்ணின் பிடரியைக் கவ்விப் பிடிக்கும். காட்டில் பெண் விலகிப் போகலாம். கூண்டில் போக்கிடமில்லை, பிடரி புண்ணாகும். பிறகு முட்டை. ஓர் ஈட்டில் இருபதிலிருந்து எழுபது வரைகூட இருக்கும். அவ்வளவு முட்டைக்கும் வேண்டிய சுண்ணாம்பு தாயின் எலும்பிலிருந்தும் போகிறது. தோண்டி இட ஆழமான ஈரமண் இல்லாவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆண் இல்லாமலும் பெண் முட்டை வைக்கும் என்பதால் தனிப்பெண் வளர்ப்பவர்களுக்கும் மண்பெட்டி அவசியம்.

இரண்டு பெண்கள் ஓரளவு ஒத்துப்போகலாம். அதுவும் அளவில் சமமாக, இடம் தாராளமாக, வெயில் இரண்டாக இருந்தால். முட்டையிடும் காலத்தில் மண்ணுக்காக அவையும் மோதும். பெரியதோடு குஞ்சைச் சேர்ப்பது, வேறு இன ஓணான்களையோ ஆமைகளையோ ஒரே கூண்டில் போடுவது ஆகியவற்றை யோசிக்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். இகுவானாக்கள் 1977 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அந்த உடன்படிக்கையின் விலங்குகளை நம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும். கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் விலைக்கு முன் ஆவணத்தைக் கேளுங்கள். ஆவணமில்லாத இகுவானாவை வாங்கினால், பயணப் பைக்குள் அடைத்துக் கடத்திவரும் கூட்டத்துக்குத்தான் பணம் போகிறது. உங்கள் ஜோடி நாற்பது குஞ்சு பொரித்தால் அந்த நாற்பதுக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாவது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் விட்டுப்போன ஒன்றை நீங்கள் எடுத்து வளர்க்க வேண்டியும் வரலாம். அப்போது எப்படிச் செய்வது என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் வேறு அறை. இது விட்டுக்கொடுக்க முடியாதது. புதியது பார்க்க நன்றாக இருந்தாலும் குடற்புழுவோ, செதிலுக்கிடையே ஓடும் கடுகைவிடச் சிறிய பூச்சிகளோ இருக்கலாம். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டி எச்சத்தைச் சோதியுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு முறையும் சோதியுங்கள். ஆணா பெண்ணா என்பதை அவரிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். இளையதில் பார்த்தவுடன் சொல்வது எளிதல்ல. தட்டு, தண்ணீர்த்தொட்டி, துடைக்கும் துணி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். தினமும் பழையதற்கான வேலையை முடித்துவிட்டே புதியதிடம் போங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இகுவானாவின் குடலில் சால்மொனெல்லா இருப்பது சாதாரணம். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இந்த மூன்று மாதத்தில் புதியது உங்களோடு பழகட்டும். மனிதக் கைக்கே இன்னும் அஞ்சும் ஒன்றை இன்னொரு இகுவானாவின் முன் நிறுத்தினால் அச்சம் இரட்டிப்பாகும். வாரம் ஒருமுறை இரண்டையும் எடை போட்டு எழுதிவையுங்கள். பின்னால் உங்கள் கண்ணைவிட அந்தக் கணக்கு உண்மை பேசும்.

அடுத்து, பார்வை. இரண்டு கூண்டுகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவாருங்கள். இடையில் ஒரு திரை இருக்கட்டும். ஒரு நாளில் சில நிமிடம் திரையை விலக்கிப் பாருங்கள். மெதுவாக ஓரிரு தலையாட்டல் என்றால் அது வெறும் அறிமுக வணக்கம். வேகமான அதிரும் தலையாட்டல், முழுதாக இறங்கிய அலைதாடி, பக்கவாட்டில் தட்டையான உடல், திறந்த வாய், துடிக்கும் வால் என்று வந்தால் திரையை மூடிவிடுங்கள். ஒன்று கம்பியில் மூக்கை முட்டிக்கொண்டே இருந்தாலோ, மற்றது தீனியை விட்டாலோ, பார்வையே அவற்றுக்குத் தாங்கவில்லை என்று பொருள். அப்படியானால் நிரந்தரமாக மறைத்துவிடுங்கள். சில இகுவானாக்கள் கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தோடுகூடச் சண்டைக்கு நிற்கும்; அவற்றிடம் நாம் இன்னும் என்ன எதிர்பார்ப்பது?

பல வாரம் பார்வையில் அமைதியாக இருந்து, இரண்டும் நன்றாகத் தின்று எடையும் ஏறினால் மட்டும் நேரில் விடலாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். பழையது வழக்கமாகப் படுக்கும் சன்னல் திட்டு இருக்கும் அறை வேண்டாம். கதவு, சன்னல், மின்விசிறி எல்லாம் மூடி நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டும் வயிறு நிறைய முருங்கைக்கீரையும் செம்பருத்தியும் தின்று வெயிலும் காய்ந்தபின் விடுங்கள். வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் ஒன்றை மட்டுமே கவனிக்க வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கையில் தடித்த துண்டும் ஓர் அட்டைப் பலகையும் இருக்கட்டும். முதல் நாள் சில நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள்.

சண்டை வந்தால் நடுவே கையை விடாதீர்கள். அட்டையை இடையில் செருகுங்கள், துண்டை மேலே போடுங்கள். பார்வை மறைந்தால் பிடி தளரும். எந்தக் காரணத்துக்காகவும் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்; கையோடு வந்துவிடும். கடி சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே ஆறி உள்ளே சீழ்கட்டுவது இவற்றில் வழக்கம். ஒருமுறை கடித்துக்கொண்ட இரண்டை மறுபடி சேர்க்க முயலாதீர்கள்.

நேரில் விடுவது நன்றாகவே போனாலும் இரவு உறங்கவும் பகலில் நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் தனித்தனிக் கூண்டுதான். வீட்டில் சுதந்திரமாக உலவ விடுபவர்கள் முறைவைத்து விடுங்கள்: காலையில் ஒன்று, மாலையில் மற்றது. பகிரும் இடத்தில் வெயில் காயும் கிளைகள் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி. உயரம் இவற்றுக்கு அதிகாரம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று வைத்தால் சண்டைக்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

மொட்டைமாடி இருப்பவர்கள் வலைக்கூண்டு அடித்து இயற்கை வெயிலையே தரலாம். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் வராது. சித்திரை வெயிலில் பாதிக் கூண்டாவது நிழலாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் நாள்கணக்காக மூட்டம் போட்டால் விளக்குதான் வெயில். ஒவ்வொன்றுக்கும் ஆறடி நீளம், ஆறடி உயரம், மூன்றடி அகலம் என்பது வளர்ந்த இகுவானாவுக்குக் குறைந்தபட்சக் கூண்டு. இரண்டு என்றால் அதைப்போல் இரண்டு.

இவ்வளவையும் கணக்குப் பார்த்துவிட்டு "என்னால் முடியாது" என்று முடிவெடுத்தால், அது உங்கள் இகுவானாவுக்கு நீங்கள் செய்யும் பெரிய நன்மை. இரண்டாவதுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலாவதின் கூண்டைப் பெரிதாக்குங்கள். உயரத்தில் இன்னொரு கிளை, நல்ல புற ஊதா விளக்கு, முட்டைக்கு மண்பெட்டி வாங்குங்கள். மாலையில் ஒரு மணிநேரம் அதன் அருகில் உட்காருங்கள். நாளடைவில் அது உங்களை அடையாளம் காணத் தொடங்கலாம். வளர்ந்த இகுவானாவுக்கு அவ்வளவு உறவு போதும்.

ஏற்கெனவே இரண்டை ஒரே கூண்டில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே இரண்டையும் எடை போடுங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தால் நாளைக்கே பிரித்துவிடுங்கள். பிரித்தபின் கீழே கிடந்தது கிளையேறிப் படுத்து, தீனித்தட்டைக் காலி செய்யத் தொடங்கினால், இத்தனை நாள் அதைத் தடுத்தது எது என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பதிவுசெய்த, அனுபவமுள்ள இன்னொரு வளர்ப்பாளரிடம் ஆவணத்தோடு ஒப்படையுங்கள். ஏரிக்கரையிலோ பூங்காவிலோ விட்டுவிடாதீர்கள். புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் அப்படி வெளியேறியவை பெருகி அந்த மண்ணுக்கே சுமையாகிவிட்டன.

கடைக்காரர் "ஜோடியா எடுங்க சார், தனியா இருந்தா ஏங்கிப்போயிடும்" என்று சொல்லும்போது அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டாவதுக்கு வெயில் எங்கே? அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடு வீடு திரும்புங்கள். அந்த ஒன்றை முழு ஆயுளும் நன்றாக வாழவையுங்கள்.

அன்புடன்,
இகுவானா வளர்க்கும் உங்களில் ஒருவர்